அருள்நாயகம் ஏறாத கூரை

கனடாவின் ஸ்காபரோவில் விறகடுப்பு வைத்திருக்கிற தமிழ் வீடுகளில் அருள்நாயகத்தைப் பிடிக்காதவர்கள் அதிகம். அவருடைய தொழில் அப்படி. வீட்டுக்குள் விறகு எரிப்பவர்களிடம் காப்புறுதிக்காரர் பரிசோதனைப் பத்திரம் கேட்பார்கள். அடுப்பையும் புகைபோக்கியையும் பார்த்து அதில் கையெழுத்து வைப்பவர் இவர். வெக்ஸ்போர்ட் வீட்டிலிருந்து ஏணியோடு வந்து இறங்கினால், கூரையில் ஏறாமல் திரும்பமாட்டார். சொந்தச் சகலன் வீட்டுப் புகைபோக்கியில் வெடிப்பைக் கண்டு, பத்திரம் தரமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றவர். மனைவியின் தங்கை இரண்டு வருடம் அவரோடு முகம்கொடுத்துப் பேசவில்லை. மனிதர் அசைந்து கொடுத்தால்தானே.

அப்படிப்பட்டவருக்குத்தான் இந்த மாசியில் இருப்புக் கொள்ளவில்லை.

வேலைக்குப் போன இடத்தில் வீட்டுக்காரர் ஒருவர் ஏணியைப் பார்த்துச் சலித்துக்கொண்டார்: "அண்ணை, அஜின்கோர்ட் றமேஸுக்குப் பத்து நிமிசத்திலை பேப்பர் குடுத்தனீங்களாம். எங்களுக்கு மட்டும் ஏன் அரை நாள்?"

அருள்நாயகம் ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டு ஏறினார். ஐப்பசியில் றமேஸ் வீட்டுக்குப் போனது உண்மை. அடுப்புக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, றமேஸின் மனைவி குணவதி தந்த தேத்தண்ணியைக் குடித்தபடி கையெழுத்து வைத்ததும் உண்மை. மழைத்தூறல், கூரை வழுக்கும் என்று அன்று தனக்குத்தானே சப்பைக்கட்டுக் கட்டினார். உண்மையில் வலது முழங்கால் மடங்க மறுத்தது. ஐம்பத்தெட்டு வயதில் அதை ஒருவருக்கும் சொல்ல வெட்கம். எங்கள் ஆட்கள்தானே, ஒழுங்காகத்தான் வைத்திருப்பார்கள் என்று விட்டுவிட்டார். இது வெளியே தெரிந்தால் இருபத்தாறு வருடத் தொழில் அத்தோடு சரி.

சோறு இறங்கவில்லை. றமேஸின் தெருவால் இரண்டு தரம் வானை ஓட்டிக்கொண்டு போனார், நிற்பாட்டவில்லை. போனை எடுப்பார், வைப்பார். "என்ன, வயித்துக்குள்ளை ஏதுமோ?" என்று மனைவி பாலேஸ்வரி கேட்டதற்கு எரிந்து விழுந்தார். மூன்றாம் நாள் குணவதியை அழைத்து, காலையில் அடுப்பு மூட்டவேண்டாம், ஒருக்கால் ஏறிப் பார்க்க வருகிறேன் என்றார்.

கூரையில் பனி உருகியிருந்தது. ஏணியின் ஒவ்வொரு படியிலும் முழங்காலைத் திட்டிக்கொண்டு ஏறினார். புகைபோக்கியின் உச்சியிலிருந்த வலைமூடி, கரி அப்பி முக்கால்வாசி அடைபட்டுக் கிடந்தது. அது ஒரு குளிர்காலத்துக் கரியல்ல. மூன்று நான்கு வருடக் கரி. ஐப்பசியிலும் இருந்திருக்கும். மேலே போக வழியில்லாத புகை வீட்டுக்குள்தானே திரும்பும்.

இறங்கி வந்தபோது குணவதி கதவைத் திறந்து வைத்திருந்தாள்.

"ஏன் அண்ணை, ஏதும் பிழையோ?"

"தங்கச்சி, அண்டைக்கு நான் மேலை ஏறேல்லை. பாக்காமல்தான் சைன் வைச்சனான். அந்தப் பேப்பர் செல்லாது. இனி அடுப்பை மூட்டாதேங்கோ."

ஏச்சு வாங்கத் தயாராகத்தான் நின்றார். அவள் ஏசவில்லை. கதிரையில் உட்கார்ந்து, ஆறு வயது மகளைப் பற்றிச் சொன்னாள்.

"சிவானிக்கு மார்கழியிலயிருந்து மூச்சிழுப்பு. டொக்டர் விறகு எரிக்கிறதை நிப்பாட்டச் சொன்னவர். நான் உங்கட பேப்பரைக் காட்டி, எங்கட அடுப்பிலை ஒரு பிழையுமில்லை, செக் பண்ணினது எண்டு அவரோடை சண்டை பிடிச்சனான்." அடுப்புப் பக்கம் கையைக் காட்டினாள். "குளிராமல் கிடக்கட்டும் எண்டு பிள்ளையின்ர கட்டிலையும் அடுப்புக்குக் கிட்ட இழுத்துப் போட்டனான்."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தவர், அந்தச் சொல்லை வைத்து இந்த வீட்டில் என்ன செய்வது என்று தெரியாமல் விழுங்கிக்கொண்டார்.

"இப்ப டொக்டரிட்டை நான் என்னெண்டு சொல்லுறது, அண்ணை?"

"என்ர பேரைச் சொல்லுங்கோ. ஏறாமல் சைன் வைச்சவன் எண்டு சொல்லுங்கோ." பிறகு, "வேண்டாம், எப்ப போறியள்? நானும் வாறன், நானே சொல்லுறன்" என்றார்.