கடிக்காத பூரான்

என் மனைவி பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறியதற்குக் காரணம் நானில்லை, ஒரு பூரான். காரணம் தெரியாமல் உடம்பு தடித்தால் இராஜபாளையத்தில் எங்கள் பக்கம் பூரான்கடி என்பார்கள். இரண்டு வாரமாக அவளுக்குக் கை, கழுத்தெல்லாம் தடித்துத் தடித்து அடங்கியது. மந்திரித்துப் பார்த்தோம். கத்திரிக்காய், கருவாட்டை விலக்கிப் பார்த்தோம். தீரவில்லை.

"அந்தப் பூரான் சாகுற வரைக்கும் இந்த வீட்டுல கால் வைக்க மாட்டேன்" என்று அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

பரணைக் காலி செய்தேன். குளியலறையில் நான்கு டைல்ஸைப் பெயர்த்தேன். இரண்டு கரப்பான்தான் கிடைத்தது. வராமலே இருந்துவிடுவாளோ என்று உள்ளுக்குள் பயம்.

ஐந்தாம் நாள் மாமியார் போன் செய்தார். "மாப்ள, இங்கயும் வந்துட்டு. முதுகெல்லாம் தடிச்சுப் போச்சு."

"அப்பாடா!" என்றேன்.

"எம்மக சொறிஞ்சுக்கிட்டு கெடக்கா, நீங்க அப்பாடாங்கீய?"

தப்புதான். ஆனால் என் வீட்டுப் பூரான் டவுன் பஸ் ஏறி அங்கே போயிருக்க முடியாதே! அன்றைக்கே போய் அவளைத் தோல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். டாக்டரம்மா பூரானைப் பற்றிப் பேசவே இல்லை.

"வேற என்ன மாத்திரை போடுறீங்க?"

மனைவி கைப்பையிலிருந்து தலைவலி மாத்திரை அட்டையை எடுத்துக் கொடுத்தாள். பாதி தீர்ந்திருந்தது.

டாக்டர் மருந்துச் சீட்டின் பின்பக்கம் ஒரு வட்டம் போட்டு உள்ளே புள்ளிகள் வைத்தார். வட்டம், தோலுக்கடியில் காவல் இருக்கும் செல். புள்ளிகள், ஹிஸ்டமின். அது வெளியே கொட்டினால் ரத்தக்குழாய் கசிந்து தோல் தடிக்கும், அரிக்கும். மற்ற செல்களுக்கும் தகவல் போய் அவையும் கூடிவிடும். கொட்டாமல் அடக்கி வைக்கவும் உடம்பே ஒரு ரசாயனத்தைச் சுரக்கிறது. சிலருக்கு இந்த வலி மாத்திரை அந்தச் சுரப்பைக் குறைத்துவிடுமாம்.

"அப்ப எதுவும் கடிக்கலையா டாக்டர்?"

"எதுவுமே கடிக்கலம்மா."

அந்த மாத்திரையை நிறுத்தி, அவர் எழுதிக் கொடுத்ததைப் போட்டதும் ஒரு வாரத்தில் அடங்கியது. அவள் வீடு திரும்பியபோதுதான் எனக்குப் போன உயிர் வந்தது.

போன வாரம் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். பெயர்த்த டைல்ஸ் இடுக்கிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு நிஜப் பூரான் ஓடி வந்தது. மறுபடியும் பெட்டியைத் தூக்கிவிடுவாளே!

அவள் செருப்பைக் கழற்றி ஒரே அடி அடித்தாள்.

"எம்புட்டு நாளாத் தேடுனீய, இந்தா கெடக்கு" என்று சொல்லிவிட்டு, மிச்சத் துணியை அலச ஆரம்பித்தாள்.