அளவு ஜாக்கெட்டும் இன்சுலினும்

டேப், கத்திரி, மிஷின் இருந்தா தையல் கடை நடத்திரலாம்னு எவ சொன்னா? தென்காசியில லேடீஸ் டெய்லரா இருக்கணும்னா சுகர் மருந்தெல்லாம் அத்துப்படியா இருக்கணும். ஜாக்கெட் சேரலைன்னு ஏச்சு வாங்குத அத்தனை தையல்காரிகளும் என் கட்சி. கொஞ்சம் பக்கத்தில வந்து உக்காருங்க.

பழைய அளவு

சுரண்டை மங்கை டீச்சர் பதினஞ்சு வருஷமா என்கிட்டதான் தைக்காங்க. உடம்பில டேப்பை வைக்க விடமாட்டாங்க. பழைய ஜாக்கெட் ஒண்ணை அளவுக்குன்னே வச்சிருக்காங்க. அதை மேஜையில போட்டு, இதே மாதிரி தைன்னுருவாங்க. போன வருஷமும் அப்படித்தான் தச்சுக் குடுத்தேன். மறுநாள் முதல் பஸ்ஸிலயே வந்து இறங்கிட்டாங்க. கொக்கி மாட்டலையாம். கடையில இருந்த நாலு பேர் முன்னால ஏசுன ஏச்சு, யம்மாடி! வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளை கணக்கா நின்னேன்.

நடுவில மூச்சு வாங்கினப்போதான் விஷயம் வந்துச்சு. ரெண்டு மாசமா இன்சுலின் போடுதாங்க. ஒண்ணுக்கில வீணாப் போன சர்க்கரை இப்போ உடம்பிலயே தங்குதுல்லா, எடை கூடத்தான் செய்யும். டாக்டரும் முன்கூட்டியே சொல்லியிருக்கார். சரி, அப்போ என்னை எதுக்கு ஏசுதீங்கன்னு கேட்டேன்.

"எடை கூடும்னுதான் டாக்டர் சொன்னார், ஜாக்கெட் சேராதுன்னு சொல்லலையே! தப்பு உன் மேலதான்."

ஐந்தருவி வைத்தியம்

கடையநல்லூர் ஜீனத் கதை நேர் எதிர். அவ மாப்பிள்ளை துபாயில இருக்காரு. சுகருக்கு டாக்டர் வாரம் ஒரு ஊசி எழுதிக் குடுத்தார். அதில பசி அடங்கிப் போச்சு, பிரியாணியைப் பார்த்தாலே குமட்டுதாம். அஞ்சு மாசத்தில அவ சுடிதாரை மூணு தடவை பிரிச்சுச் சின்னதாக்கினேன்.

அக்கம்பக்கத்தில கேட்டவங்ககிட்டயெல்லாம், குத்தாலத்தில தினம் குளிச்சு இளைச்சேன்னு சொல்லி வச்சிருக்கா. பாதித் தெரு வேன் பிடிச்சு ஐந்தருவிக்குப் போயிட்டு. குளிச்சா பசிக்கும்லா? ஆளுக்கு நாலு பரோட்டா, கோழி, வழியில மிளகாய் பஜ்ஜி. சீசன் முடியுததுக்குள்ள எல்லாரும் சுடிதாரைப் பெருசாக்கச் சொல்லி என் கடைக்கு வந்துட்டாங்க. எனக்கு நல்ல வேலை! ஆனாலும் மனசு கேக்காம, உண்மையைச் சொல்லிருவோமான்னு ஜீனத்கிட்ட கேட்டேன்.

"ஊசின்னு மட்டும் சொல்லிராதீங்கக்கா. ஊசின்னா எனக்கு சுகர்னு தெரிஞ்சிரும், அருவின்னா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

சேர்ந்துட்டு!

இந்த ஆவணியில டீச்சர் மகளுக்குக் கல்யாணம். பட்டு ஜாக்கெட் தைக்க அதே பழைய அளவு வந்துச்சு. நான் ஏமாறுவேனா? பின்னால பிரிச்சுப் பெருசாக்க வசதியா, உள்ளே ரெண்டு பக்கமும் ரெண்டு இஞ்ச் துணி விட்டுத் தச்சேன். கல்யாணத்துக்கு எட்டு நாள் இருக்கையில போட்டுப் பார்க்க வந்தாங்க. கொக்கி சுலபமா மாட்டிட்டு. தோள் தொளதொளன்னு கிடக்கு. கண்ணாடி முன்னால டீச்சருக்கு ஒரே சிரிப்பு. ஏச்சு இல்லாம தப்பிச்சோம்னு எனக்கும் சந்தோஷம்.

ஆனா அரை மணி நேரத்தில நாலு செம்பு தண்ணி குடிச்சாங்க. ரெண்டு தடவை பாத்ரூம் போனாங்க. கண்ணு உள்ள போய்க் கிடக்கு. ஊசி போடுதீங்களான்னு கேட்டேன். கல்யாணம் முடியட்டும்டின்னாங்க. மூணு வாரமா நிறுத்தியாச்சாம், இந்த ஜாக்கெட் சேரணும்னு!

எனக்குக் கோவம் பொத்துக்கிட்டு வந்துச்சு. ஜாக்கெட்டைக் கழத்தி வாங்கி, அவங்க கண்ணு முன்னாலயே தையலைப் பிரிச்சேன். உள்ளே துணி கிடக்கு, எம்புட்டுக் குண்டானாலும் தச்சுத் தாரேன், ஆஸ்பத்திரிக்குப் போகாட்டி ஜாக்கெட் கிடையாதுன்னேன். அழுதாங்க, ஏசுனாங்க. ஆட்டோவில ஏத்தி நானே கூட்டிட்டுப் போனேன். இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா உயிருக்கே ஆபத்தா ஆகியிருக்கும்னார் டாக்டர். மூணு நாள் படுக்கையில போட்டு, ஊசியை மறுபடி ஆரம்பிச்சாங்க.

கல்யாணத்தன்னிக்கு மண்டப வாசல்ல டீச்சர் நிக்காங்க, பிரிச்சுத் தச்ச ஜாக்கெட்டோட, முகம் தெளிஞ்சு. எனக்குக் கண்ணு கலங்கிட்டு. என் கையைப் பிடிச்சு, சம்பந்தி வீட்டுக்காரங்க அத்தனை பேர் முன்னாலயும் சொன்னாங்க.

"என் உயிரைக் காப்பாத்துனதெல்லாம் சரிதான் செல்வி, இடது கை கொஞ்சம் இறுக்குது பாரு!"

சுகர் டாக்டருங்க சீட்டில மருந்துக்குக் கீழ 'ஜாக்கெட்டுக்கு உள்ளே ரெண்டு இஞ்ச் துணி விடவும்'னு ஒரு வரி சேர்த்து எழுதிட்டா, எங்க சுகரும் பிரஷரும் ஏறாம இருக்கும்.