குவாலா சிலாங்கூருக்கு இரண்டு கட்டு பிரெஞ்சு அட்டைகளுடன்

குவாலா சிலாங்கூருக்கு எல்லோரும் மின்மினி பார்க்கப் போவார்கள், மீன் சாப்பிடப் போவார்கள். 1986 ஆகஸ்டில் நான் போனது பிரெஞ்சு படிக்கத் தெரிந்த ஆளைத் தேடி. சிரிக்காதீர்கள், உண்மை.

அப்போது கோலாலம்பூரில் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். பல சொற்கள் சேர்ந்து ஒரே பொருள் தரும் தொடர்கள் பிரெஞ்சில் ஏராளம். தமிழில் 'கண்ணும் கருத்துமாக' என்பதை யாராவது கண் தனி, கருத்து தனி என்று நிறுத்திப் படிக்கிறோமா? அதுபோலத்தான். வாசிப்பவர் அவற்றைச் சொல் சொல்லாகப் படிக்கிறாரா, மொத்தமாக விழுங்குகிறாரா என்பதுதான் என் ஆய்வு. அளப்பதற்கு ஒரு ஸ்டாப்வாட்சும் இரண்டு கட்டு அட்டைகளும் வைத்திருந்தேன். சின்ன வயதிலேயே பிரெஞ்சில் படித்த ஒருவராவது வேண்டும் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். மலேசியாவில் அப்படிப்பட்டவரை எங்கே பிடிப்பது?

முதலில் பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கம், நான் பிறந்த தோட்டத்துக்கே போனேன். அப்பாவின் சிநேகிதர் பெரியசாமி மாமா பிரெஞ்சுத் துரையிடம் கிராணியாக, அதாவது கணக்கெழுதுபவராக இருந்தவர். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "படிக்கத் தெரியாதும்மா. தொர ஏசினது மட்டும் மனப்பாடம்" என்று நாலைந்தைச் சொல்லிக் காட்டினார். உச்சரிப்பு அருமை, ஆனால் எதையும் ஆய்வேட்டில் எழுத முடியாது. "குவாலா சிலாங்கூர்ல சாப்பாட்டுக் கடை வெச்சிருக்காங்க, காரைக்கால்காரங்க. அந்தம்மா படிச்சவங்க லா, போய்ப் பாரு" என்று வழி காட்டியவரும் அவர்தான்.

மறுநாள் காலை எட்டு பத்துக்குப் பேருந்து. இருபது கிலோமீட்டர் சொச்சம், கட்டணம் ஒரு வெள்ளி பத்து காசு, முக்கால் மணி நேரம். இருபுறமும் எண்ணெய் எடுக்கும் செம்பனை. லோரி எதிரே வந்தால் ஜன்னலை மூடிவிட வேண்டும், இல்லையென்றால் தலையெல்லாம் செம்மண்.

கடைக்காரர் கல்லாவில் இருந்தார். விஷயத்தைச் சொன்னதும் உள்ளே பார்த்து, "ஜெய்னம்பு, ஒன்னோட பிரெஞ்சத் தேடி ஆள் வந்திருக்கு" என்று குரல் கொடுத்தார். ஜெய்னம்பு அக்காவுக்கு நாற்பத்தெட்டு வயது. காரைக்காலில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்து, இருபது வயதில் கல்யாணமாகி இங்கே வந்தவர். பார்த்தவுடனே எனக்குப் பிடித்துப்போனது. நான் கேட்காமலேயே பரோட்டாவும் மீன் குழம்பும் வந்தன.

சாப்பிட்டு முடிப்பதற்குள் அவர் கவலையும் வெளியே வந்துவிட்டது. மகள் பாரிஸ் பக்கத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அக்டோபரில் தலைப்பிரசவம். மருமகனுக்குப் பகல் முழுக்க வேலை, மகளுக்குப் பிரெஞ்சு இன்னும் அரைகுறை. ஆஸ்பத்திரியில் டாக்டரோடும் நர்ஸோடும் பேசப் பக்கத்தில் அக்காதான் இருக்க வேண்டும்.

"வர்றியா இல்லையான்னு கேட்டு எழுதியிருக்கா புள்ள. பிரெஞ்சு பேசி இருபத்தெட்டு வருஷமாச்சு. அங்க போயி ஊமையா நிக்கிறதுக்கு, போகாமயே இருக்கலாம். நீ பரீட்சை வை. இருந்தா போறேன். இல்லைன்னா வரலைன்னு எழுதிப்புடுறேன்."

அந்த நிமிடமே அட்டைகளை மூட்டை கட்டியிருக்க வேண்டும். நானோ உற்சாகமாக முதல் கட்டை எடுத்தேன். வாக்கியங்களைத் துண்டாக்கி அட்டைக்கு ஒரே ஒரு சொல் எழுதியிருந்தேன். அவர் ஒவ்வொன்றாகப் புரட்டுவார், நான் நேரம் குறிப்பேன். மூன்றாவது வாக்கியத்திலேயே வேகம் குறைந்தது. புரட்டுவார், நிற்பார், முந்தின அட்டையைத் திரும்பப் பார்ப்பார். பத்தாவது வாக்கியத்தில் கட்டை என் பக்கம் தள்ளிவிட்டார்.

"போயிருச்சு புள்ள. எல்லாம் போயிருச்சு."

அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இரண்டாவது கட்டைப் பற்றிப் பேச்செடுக்கவே வெட்கமாக இருந்தது. ஏதோ ஆறுதல் சொல்லிவிட்டு மூன்று மணிப் பேருந்தில் போய் உட்கார்ந்தேன். டிக்கெட்டும் வாங்கியாயிற்று. பொழுது போகாமல் குறித்த நேரங்களைப் பார்த்தேன். சாதாரணச் சொற்களில் அவர் எங்குமே தடுமாறவில்லை. நின்றதெல்லாம் தொடர்களின் நடுவில்தான், நான் கத்தரி போட்ட இடத்தில்தான். அடுத்த பக்கத்தில், முன்பு ஒத்திகைக்காக அதே அட்டைகளை நானே படித்துக் குறித்த என்னுடைய நேரங்கள் இருந்தன. ஆறு வருடம் வகுப்பில் படித்த பிரெஞ்சு. எல்லாச் சொல்லுக்கும் ஒரே அளவு. தொடரை முழுசாக அறிந்தவர்தான் துண்டைக் கண்டு திகைப்பார். எனக்கு எல்லாமே துண்டுதான், அதனால் சீராகப் படித்திருக்கிறேன். அடிப்பாவி, அவரை ஃபெயிலாக்கியது என் அட்டைகள்!

"அண்ணே, நிறுத்துங்க, இறங்கணும்!"

"டிக்கெட் எடுத்தாச்சு லா, தங்கச்சி. காசு கெடைக்காது."

"பரவாயில்லண்ணே. கடைசி பஸ் எப்போ?"

"ஆறு மணிக்கு. அதையும் விட்டா நடந்துதான் போகணும்."

ஓடினேன். அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். எதுவும் விளக்காமல் இரண்டாவது கட்டை முன்னால் வைத்தேன். இதில் தொடர்கள் உடையாமல் முழுசாக இருந்தன. 'தூ த் ஸ்வீத்', அதாவது உடனே. நான் ஸ்டாப்வாட்சை அழுத்துமுன் படித்துவிட்டு, "எங்க கன்னியாஸ்திரி டீச்சர் இப்புடித்தான் கையத் தட்டும்" என்று தட்டிக் காட்டினார். 'ஆ தூத்தா லேர்', பிறகு பார்ப்போம். அதைப் படித்ததும் அவர் பதிலும் பிரெஞ்சிலேயே வந்தது. அடுத்ததற்கும் பதில். ஸ்டாப்வாட்சைக் கீழே வைத்துவிட்டேன். கல்லாவில் இருந்தவர் எழுந்து வந்து கதவோரம் நின்று சிரித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்வதற்கு என்ன வெட்கம்?

போக விரும்புகிறவர்களுக்கு விவரம் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துவிடுவேன். கோலாலம்பூரிலிருந்து அறுபத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். நான் சொன்ன கட்டணமும் நேரமும் அந்தக் காலத்தவை, இப்போதையதை விசாரித்துக்கொள்ளுங்கள். ஊரிலிருக்கும் கோட்டைக் குன்றில் ஏற வெயிலுக்கு முன் போங்கள், குரங்குகள் கண்ணில் பையைக் காட்டாதீர்கள். முக்கியமாக, ஒருவருக்கு ஒரு மொழி எவ்வளவு தெரியும் என்று சோதிக்கப் போனால், பாதியில் எழுந்து வராதீர்கள். நான் அந்தப் பேருந்திலேயே போயிருந்தால் ஒரு கடிதம் தப்பாகப் போயிருக்கும்.

அக்கா கை கழுவிக்கொண்டு வந்து, "இப்பவே கூப்புடுறேன்" என்றார். அங்கே காலை நேரம். மகள் வீட்டில் தொலைபேசி கிடையாது, கீழ்த்தளத்து வீட்டுக்கார அம்மாவிடம்தான் கேட்க வேண்டும். அந்த அம்மாவுக்குப் பிரெஞ்சைத் தவிர எதுவும் தெரியாது. "போன தடவ இவஹ ஹலோ ஹலோன்னு கத்தி, அது வெச்சுப்புடுச்சு" என்றார் அக்கா. கணவர் கேட்காத மாதிரி கூரையைப் பார்த்தார்.

ஆப்பரேட்டரிடம் சொல்லி இருபது நிமிடம் காத்திருந்தோம். மணி அடித்தது. அக்கா எடுத்து, மகள் பெயரைச் சொல்லி, பிரெஞ்சில் மரியாதையாகக் கேட்டார். அந்தப் பக்கம் மூன்று சொல் வேகமாக வந்தது. பக்கத்தில் காதை வைத்திருந்த நான் முதல் சொல்லை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தபோதே, அக்கா ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு, "இருக்கச் சொல்லுது, கூட்டியாரப் போயிருக்கு" என்றார்.

ரிசீவருக்குள் படியில் யாரோ இறங்கும் சத்தம். பிறகு மகளின் குரல், மூச்சு வாங்க.

"உம்மா? யாரு உம்மா கேட்டது? கீழ அவங்க, யாரோ பிரெஞ்சுக்காரம்மா கூப்புடுதுன்னு சொன்னாங்க."

அக்கா ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"நாந்தாண்டி" என்றார். "வர்றேன்."