உள்ளே விட்ட துணி

மெஷின் அக்காவுக்குத் தெருவில் எல்லார் இடுப்பளவும் மனப்பாடம், தன்னுடையதைத் தவிர. தையல் கடை இரண்டாவது மாடியில். ஏறி முடிப்பதற்குள் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்குவார். சட்டை இறுக்கினால், தைக்கும்போது உள்ளே மடித்து விட்டிருந்த துணியைப் பிரித்துவிட்டுக்கொள்வார். எப்போதாவது அளந்து பார்த்தாலும், பத்து வருஷம் இழுபட்டு நீண்டுபோன அளவு நாடா குறைத்தே சொல்லும். அதே நாடாவால் அளந்துதான் துணியும் வெட்டுவார். அதனால் தையலில் குறை வந்ததில்லை, குட்டும் வெளிப்பட்டதில்லை.

மருத்துவமனைத் தராசுக்கு அந்தத் தாட்சண்யம் கிடையாது. தங்கையின் சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்டிருந்தன. அக்காவுடையது பொருந்தியது.

"இந்த எடையில உங்களுக்கு ஆபரேஷன் பண்றது ஆபத்தும்மா. இருபது கிலோ குறைச்சுட்டு வாங்க, தாராளமா குடுக்கலாம்" என்றார் டாக்டர்.

அன்றைக்கு முழுக்க அழுதார். மறுநாள் நடக்கக் கிளம்பினார்.

"யாரக்கா துரத்துறாங்க?" என்று கிண்டலடித்தாள் பக்கத்து மெஷின்காரி. ஆனால் தினமும் சர்க்கரை இல்லாத டீயை ஞாபகமாகக் கொண்டுவந்து வைத்தவளும் அந்த வாயாடிதான். அவளுக்குக் கோயிலே கட்டலாம் என்பார் அக்கா.

பத்து மாதம் பிடித்தது. நடுவில் ஒரு மாதம் தராசு முள் அசையவே இல்லை. தங்கையோ வாரம் மூன்று நாள் டயாலிசிஸில் வாடிக்கொண்டிருந்தாள். அக்கா விடவில்லை. முட்டி வலி போன இடம் தெரியவில்லை. ரத்த அழுத்தம் இறங்கியது. படுத்தால் தூக்கம். எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தவர், மெஷின் மிதித்தபடி பாட ஆரம்பித்தார். கடைக் கண்ணாடிக்கு முதுகைக் காட்டியே காலம் தள்ளியவர், ஒருநாள் அதன் முன் நின்று நிதானமாகத் தலைவாரிக்கொண்டார். தன் முகம் தனக்கே பிடித்திருந்தது.

டாக்டர் தேதி குறித்த அன்று, ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பும்போது போட்டுக்கொள்ளத் தங்கைக்கு ஒரு சட்டை தைத்தார். புது நாடாவால்தான் அளந்தார். பாவம், அவள் குச்சியாக இளைத்திருந்தாள்.

"எனக்காக எவ்ளோ கஷ்டப்பட்டுட்டேக்கா."

"போடி பைத்தியம். ரெண்டு மாடி நிக்காம ஏறுறேன். நீ இல்லன்னா என் உடம்ப நான் திரும்பியே பாத்திருக்க மாட்டேன். நான்தாண்டி உனக்கு நன்றி சொல்லணும்."

தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு சட்டையைப் புரட்டினாள். பக்கத் தையலில் நான்கு விரல் அகலத்துக்குத் துணி மடிந்திருந்தது.

"உள்ள எதுக்குக்கா இவ்ளோ துணி?"

"அடுத்த வருஷம் பிரிச்சு விடத்தான். நீ சதை போட வேணாமா?"