பிரிக்காத பக்கங்கள்

புத்தகக் கடையில் மகள் ஒரு பறவைப் புத்தகத்தை எடுத்ததும் கடைக்காரர் கத்தினார். "பிளாஸ்டிக் கவரப் பிரிக்காத பாப்பா! வாங்கினாத்தான் பிரிக்கணும்."

என் அப்பாவின் அதே குரல். முத்தியால்பேட்டை வீட்டில், வருகிறவர்கள் பார்ப்பதற்காகவே கண்ணாடி அலமாரியில் பிரெஞ்சுப் பறவைப் புத்தகம் ஒன்றை வைத்திருந்தார். அந்தக் காலத்துப் பிரெஞ்சுப் புத்தகங்களில் தாள்கள் மடிப்போடு வரும். படிக்கிறவர்தான் கத்தியால் அறுக்க வேண்டும். ஒன்பது வயதில் நான் வெங்காயக் கத்தியால் அறுத்தேன். வெங்காய வாடைக்குள் ஒரு மீன்கொத்தி, அவ்வளவு நீலம்.

"புக்கக் கெடுத்துட்டியேடி!" பெல்ட்டால் விளாசினார். வருஷக்கணக்காக வைத்திருந்தவர் அதில் ஒரு பறவையைக்கூடப் பார்த்ததில்லை. அன்றும் பார்க்கவில்லை.

மகள் கையிலிருந்து புத்தகத்தை எடுத்து, கடைக்காரரை முறைத்தபடியே உறையைப் பல்லால் கிழித்தேன். "பில் போடுங்க."

மகளிடம் நீட்டினேன். "மீன்கொத்தி எந்தப் பக்கம்னு பாருடி."