குஷன்காரர் கார் வாங்கப் போனது

ஐம்பத்து மூன்று வயது வரை அடுத்தவர்கள் சொகுசாக உட்காருவதற்காகவே முதுகு வளைந்தவர் குஷன்காரர். கார் சீட்டுக்கு உறை தைப்பது தொழில். கடைக்குள் நுழைந்தால் ரெக்சின் வாடையும் பசை வாடையும் மூக்கைத் துளைக்கும். பழைய சீட்டைப் பிரித்தால் உள்ளேயிருந்து என்னென்னவோ வரும்: கடித்துத் துப்பிய நகம், காய்ந்த சூயிங்கம், யாரோ எடுத்த வாந்தி அப்படியே உலர்ந்துபோன ஸ்பாஞ்சு. மனிதர்கள் மேல் அவருக்கு நல்ல அபிப்பிராயம் இல்லாததற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

இப்பேர்ப்பட்டவருக்கும் ஒரு ஆசை வந்தது. வாடிக்கையாளர் ஒருவரின் சிவப்புக் காரை இரண்டு தெரு ஓட்டிப் பார்த்ததில் வந்த வினை. பின் சீட்டு இல்லை, ரேடியோ இல்லை, தரையில் கம்பளம்கூட இல்லை. கனம் குறைய எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வேகத்தை மட்டும் வைத்திருந்தார்கள். அன்றிலிருந்து மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. நான்கு வருடம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தார்.

"ஊருக்கெல்லாம் சீட்டு தைக்கிறவரு, சீட்டே இல்லாத வண்டியா வாங்குவாரு?" என்றாள் மனைவி.

"உனக்குப் புரியாது."

"நல்லாவே புரியுது. காசு கொடுத்து இடுப்ப ஒடிச்சுக்கப் போறீங்க. புதுசோ பழசோ, இந்த மாசத்துக்குள்ள முடிவு பண்ணிடுங்க. தினம் இந்தப் புலம்பலக் கேக்க என்னால ஆகாது."

முதலில் புதுசு. ஷோரூம் விற்பனையாளர் வாயெல்லாம் பல்லாக வந்து கதவைத் திறந்து காட்டினார். உள்ளே கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு துணிப் பட்டை தொங்கியது. குஷன்காரர் வெட்டிப்போட்ட துண்டிலிருந்து ஐந்து நிமிடத்தில் தைத்துவிடுவார்.

"வெயிட் குறைக்கிறதுக்காக சார். ஒவ்வொரு கிராமும் பாத்துப் பாத்து எடுத்திருக்கோம்."

"ஏசி?"

"வேணும்னா தனியாப் போட்டுக்கலாம் சார்."

"பின் சீட்டு?"

"அதுவும் தனியா வாங்கிக்கலாம் சார்."

எல்லாம் இருக்கிற அதே காரைவிட, எதுவும் இல்லாத இந்தக் காருக்குக் கால் பங்கு விலை கூடுதல்.

"கழட்டினதுக்கும் என்கிட்டயே கூலியா?" என்று கேட்டார் குஷன்காரர். விற்பனையாளர் அதற்கும் சிரித்தார். கொடுத்த காபியைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டார்.

பழசு பார்க்கப் போனால் அது தனி நரகம். காய்கறி வாங்க மட்டும்தான் எடுப்பேன் என்று ஒருவன் நாக்கில் நரம்பில்லாமல் சொன்னான்; சக்கர வளைவுக்குள் பந்தயத்தில் உருகிய டயர் ரப்பர் அப்பிக்கிடந்தது. இன்னொருவன் உள்ளே அழுகல் வாடை தெரியாமலிருக்கச் சென்ட்டைப் பீய்ச்சியிருந்தான். த்தூ, இவர்களிடம் வாங்குவதைவிட நடந்தே போகலாம் என்று திரும்பினார்.

மூன்றாவது ஆள் ஒரு பல் டாக்டர். சாம்பல் நிறக் கார், அவருடைய கிளினிக்கின் கீழ்த்தளத்தில் நின்றது.

"நான் வாங்கி ரெண்டு வருஷம் ஆச்சு. அதுக்கு முன்னாடியும் எங்கயும் அடிபடலன்னு சொல்லித்தான் கொடுத்தாங்க," என்றார்.

இவனும் ஒரு புளுகன் என்று மனதுக்குள் முத்திரை குத்திவிட்டுத்தான் குஷன்காரர் சாவியை வாங்கினார். ஆனால் வண்டி ஓடிய ஓட்டம்! அரை மணி நேரம் அவருக்கு வயதே இல்லை. திரும்பி வந்து இறங்கும்போது, வாங்கிவிடுவது என்று முடிவே செய்துவிட்டார். முன்பணம்கூடச் சட்டைப்பையில் இருந்தது.

தொழில் புத்தி சும்மா இருக்குமா? பக்கத்து சீட்டைக் கை தானாகத் தடவியது. வண்டி மோதினால் உப்பி வந்து விலாவைக் காக்கிற ஏர்பேக், சீட்டின் வெளியோரத்தில்தான் இருக்கும். அந்த ஓரத்தைச் சட்டென்று பிய்ந்து வழிவிடுகிற மெல்லிய நூலால் தைக்க வேண்டும். இங்கே கெட்டி நூல் போட்டிருந்தது. எந்த அயோக்கியன் பார்த்த வேலை என்று குனிந்து பார்த்தார். கைத்தையல் எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருந்தது. இடதுகைக்காரன் தையல். ஊரில் சீட்டு தைக்கிறவர்களில் இடதுகைக்காரர் ஒரே ஒருவர்தான்.

மூன்று வருடத்துக்கு முன்னால் இவர் கடைக்கு வந்தபோது இதே வண்டி வெள்ளையாக இருந்தது. "ஏர்பேக் வெடிச்சுப் போச்சு. புதுசு போட்டா எனக்குக் கட்டுப்படியாகாது. மூடித் தைச்சுடுங்க," என்று அதைக் கொண்டுவந்த தரகர் சொன்னார். சீட்டுத் துணியில் ரத்தம் காய்ந்திருந்தது. இவர் கேள்வி கேட்கவில்லை. கூலியை வாங்கிக்கொண்டார்.

வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று நழுவியிருக்கலாம். சொல்லவும் வாயெடுத்தார்.

"என்ன யோசிக்கிறீங்க?" என்றார் டாக்டர். "நம்பி வாங்கலாங்க. தினமும் இதுலதான் என் பொண்ண காலேஜ்ல விடறேன்."

பின் சீட்டு இல்லாத வண்டியில் மகள் எங்கே உட்காருவாள் என்று கேட்கத் தேவையில்லை. குஷன்காரருக்கு வாயெல்லாம் கசந்தது. இதுவரை யார் யாரையோ பார்த்து வந்த அருவருப்பெல்லாம், தன்மேலேயே வந்த இதற்கு முன்னால் ஒன்றுமேயில்லை. எப்போதும் சட்டைப்பையில் இருக்கிற நூல் வெட்டும் பிளேடை எடுத்து, அந்தத் தையலை மேலிருந்து கீழாகக் கிழித்தார்.

"என்னங்க பண்றீங்க!"

உள்ளே ஏர்பேக் இல்லை. ஓட்டையை அடைத்திருந்த நீல ஸ்பாஞ்சுத் துண்டு மட்டும் வெளியே பிதுங்கியது.

"இதுல இருந்தது முன்னாடியே வெடிச்சிடுச்சு சார். பொண்ண இனிமே இதுல உக்கார வைக்காதீங்க. இதை மூடித் தைச்சது நான்தான்."

டாக்டர் அந்த ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். பிறகு, குரலை உயர்த்தாமல் கேட்டார்:

"இந்த மாதிரி எத்தன வண்டிக்குத் தைச்சிருக்கீங்க?"

இது ஒன்றுதான் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். குஷன்காரர் நின்ற இடத்திலேயே எண்ணத் தொடங்கினார். ஏழுக்கு மேல் நிறம்கூட நினைவுக்கு வரவில்லை.

"தெரியல சார்," என்றார்.