கட்டிலில் கவிழ்ந்த படகோட்டி

கென்யாவின் லாமு தீவில் பாய்மரப் படகுப் பந்தயம் என்று பேச்செடுத்தால் ஃபூமோவின் பெயரும் கூடவே வரும். காற்று பாயை அமுக்கிப் படகு ஒருபக்கம் சாயும்போது, மறுபக்கம் கடல்மேல் நீட்டியிருக்கும் பலகையின் நுனிக்கு ஓடிப்போய் உட்கார்ந்து படகை நிமிர்த்துவது அவன் வேலை. பிடிமானம் ஒரே ஒரு கயிறு. கடல் அவனை ஒருநாளும் அசைத்ததில்லை.

பந்தயத்துக்கு முந்தின வாரம், விடிகாலையில் கட்டிலில் வலப்பக்கம் புரண்டு படுத்தான். கூரை விட்டங்கள் சுழன்றன. சுவர் சுழன்றது. கட்டில் சட்டத்தை இரு கையாலும் பற்றிக்கொண்டு அலறினான்.

"மனாஹெரி! என்னைப் புடி, விழறேன்!"

"எங்க விழறீங்க? கட்டில்லதானே கெடக்கீங்க!" என்று மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். அவன் வாந்தியெடுத்த பிறகுதான் அவள் சிரிப்பு நின்றது.

கொஞ்ச நேரத்தில் எல்லாம் தானாக அடங்கிவிட்டது. யாரிடமும் மூச்சு விடாதே என்று சொல்லிவிட்டு ஒத்திகைக்குப் போனான். பலகையில் உட்கார்ந்தபடி பாயின் உச்சியை அண்ணாந்து பார்த்தான். வானம் பம்பரமாகச் சுற்றியது. பொத்தென்று கடலில் விழுந்தான்.

"என்ன மச்சான், காலையிலேயே கள்ளா?" என்று படகே சிரித்தது.

படகின் தலைவரான நாகுதா ஷே மட்டும் சிரிக்கவில்லை. அவனைத் தூக்கிப் படகில் போட்டுவிட்டு, "கோப்பை இந்த வருஷம் போனா அடுத்த வருஷம் வரும். நீ போனா வருவியாடா? கரையில நில்லு" என்றார்.

பக்கத்து வீட்டுக்காரி, இது ஜின் வேலை, மேளக்காரரை அழைத்து விரட்ட வேண்டும் என்றாள். "மேளம் அப்புறம் அடிக்கலாம்" என்று மனாஹெரி அவனை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

மருத்துவர் ருகியா அவன் தலையை வலப்பக்கம் திருப்பி, தலை கட்டில் விளிம்புக்கு வெளியே தொங்கும்படி சட்டென்று மல்லாக்கப் படுக்கவைத்தார். அறை சுழல, ஃபூமோ ஊரே கேட்கக் கத்தினான்.

"கண்ணை மூடாதீங்க! ஆஹா, கண்ணு ரெண்டும் துள்ளுது பாரும்மா!" ருகியாவுக்குப் பிடிபட்டுவிட்ட மகிழ்ச்சி. "ஒண்ணும் பயமில்ல. காதுக்குள்ள பொடிப்பொடியா துகள் இருக்கு. அதுல கொஞ்சம் இடம் மாறி உள்ளே இருக்கிற குழாய்க்குள்ள போயிருச்சு. நீங்க அசையாதப்பவும் சுத்துறதா மூளைக்குச் சொல்லுது. உருட்டி வெளியே எடுத்துரலாம்."

சுழற்சி நிற்கும்வரை காத்திருந்து, தொங்கிய தலையை மெல்ல இடப்பக்கம் திருப்பினார். பிறகு உடம்போடு புரட்டி, மூக்கு தரையைப் பார்க்கும்படி வைத்து, கடைசியில் எழுப்பி உட்காரவைத்தார். மனாஹெரியின் கையை ஃபூமோ நசுக்கிக்கொண்டிருந்தான்.

கொஞ்சம் பொறுத்து மறுபடி படுக்கவைத்தார். ஃபூமோ பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தான். விட்டத்தில் இருந்த மின்விசிறி அசையாமல் நின்றது.

"நிக்குது! டாக்டரம்மா, ஃபேன் நிக்குது!"

"கரண்டு இல்லைங்க" என்றாள் மனாஹெரி. மூவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

ரெண்டு நாள் பலகைப் பக்கம் போகக்கூடாது, தலைசுற்றல் திரும்ப வந்தால் நீங்களும் திரும்ப வரணும் என்று சொல்லி ருகியா அனுப்பிவைத்தார்.

நாகுதா லேசில் நம்பவில்லை. பந்தயத்தன்று காலை, படகுத்துறையில் எல்லாரும் பார்க்க அவனைப் படுக்கச் சொன்னார். "வலது... இடது... அண்ணாந்து பார்றா!" மீன்காரர்கள் கழுதைகளை நிறுத்தி வேடிக்கை பார்த்தார்கள். ஃபூமோ சாக்குமூட்டை மாதிரி உருண்டுவிட்டுத் துள்ளி எழுந்து நின்றான். "ஏறுடா!" என்றார் ஷே.

அன்று காற்று வெறிபிடித்து வீசியது. மிதவையைச் சுற்றித் திரும்பியபோது படகு படுத்தேவிட்டது. தண்ணீர் உள்ளே கொட்டியது. "ஃபூமோ!" என்று எல்லாரும் கத்தினார்கள். பலகை நுனிக்கு ஓடினான், முதுகு அலையைத் தொட மல்லாந்து சாய்ந்தான். தலைக்குமேல் பாய் விறைத்து நின்றது. வானம் வானமாகவே இருந்தது. படகு முனகிக்கொண்டே நிமிர்ந்தது.

முன்னால் போன படகை எல்லைக் கயிற்றருகே ஒரு முழத்தில் முந்தினார்கள். கரையில் பெண்களின் குலவை கடலைத் தாண்டிக் கேட்டது. மனாஹெரி செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, இடுப்பளவு தண்ணீரில் படகை நோக்கி ஓடி வந்துகொண்டிருந்தாள்.